ஆச்சியும் ராட்டினம் ஏறலாம்!

“டாக்டர், லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மதுரைப் பக்கம் தீம் பார்க் போகலாம்னு இருக்கோம். எங்க ஆத்தாவைத்தான் யார்கிட்ட விட்டுட்டுப் போறதுன்னு தெரியலை...”

போன கோடையில், காரைக்குடியில் என் கிளினிக்குக்கு வந்த ஒருவர் இப்படிக் கேட்டார். அந்த ‘ஆத்தா’ பக்கத்து நாற்காலியிலேயேதான் உட்கார்ந்திருந்தார். வயது 68. பாரிசவாயு வந்து மூன்று வருஷம் ஆகிறது. இடது கையும் காலும் பலவீனம். வீட்டுக்குள் கைத்தடி பிடித்து நடப்பார். வெளியே என்றால் வீல்சேர்.

“ஏன் ஆச்சி, நீங்க போகலையா?” என்றேன்.

“நான் போயி என்ன பண்ண? புள்ளைகளுக்குப் பாரமாவா?” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, “சின்ன வயசுல கொப்புடையம்மன் திருவிழாவுல மர ராட்டினத்துல ஏறுனா இறங்கவே மாட்டேன்” என்றார். மகனுக்கே அது புதுச் செய்தி!

நம் செட்டிநாட்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். உயரமான திண்ணை, முகப்பு, வளவு, கட்டுக்கு ஒரு நிலைப்படி. கால் விழுந்தவருக்கு ஒவ்வொரு படியும் ஒரு மலை. மெல்ல மெல்ல அவர் உலகம் ஒரு அறைக்குள் சுருங்கிவிடும். பாரிசவாயு வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவரை மனச்சோர்வு பிடிக்கிறது. மனம் சோர்ந்தவர் பயிற்சியும் செய்ய மாட்டார், மருந்தும் சரியாகச் சாப்பிட மாட்டார். வெளியே கூட்டிப்போவது ஆடம்பரம் இல்லை, வைத்தியத்தில் ஒரு பகுதி.

சலுகை இல்லை, உரிமை!

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. பண்பாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் என்றே அதில் 29-வது பிரிவு இருக்கிறது. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். அலைக்கு அருகிலேயே போகாதவர்கள் வீல்சேரில் போய்க் கடல் பார்த்தார்கள். அமெரிக்காவில் சான் அன்டோனியோ நகரில், தன் மகளுக்காக ஒரு தந்தை 2010-ல் ஒரு தீம் பார்க்கையே கட்டிவிட்டார்! ‘மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்’ என்று பெயர். வீல்சேரோடு ஏறும் ஊஞ்சல்கூட அங்கே உண்டு.

நம் ஊரில் அவ்வளவு வசதி இல்லைதான். ஆனால் கொஞ்சம் திட்டமிட்டால் நிறையச் செய்யலாம்.

யார் ஏறக்கூடாது?

வேகமாகச் சுற்றும் ராட்டினத்தில் உடம்பு வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். நாம் அறியாமலே கை, கால், கழுத்தால் சமாளித்துக்கொள்கிறோம். பலவீனமான பக்கத்தால் அது முடியாது. ஆகவே,

* பாரிசவாயு, மாரடைப்பு, ஆபரேஷன் ஆகிச் சில மாதங்களே ஆனவர்கள்
* பிபி கட்டுப்படாதவர்கள், வலிப்பு உள்ளவர்கள்
* கழுத்து எலும்புத் தேய்வு, எலும்பு பலம் குறைந்தவர்கள்
* சாயாமல் தானாக உட்கார முடியாதவர்கள்

இவர்களுக்கு வேகமான, தலைகீழாகச் சுற்றும் ராட்டினங்கள் வேண்டவே வேண்டாம். பொம்மை ரயில், மெதுவான படகு போன்றவற்றையும், சிகிச்சை தரும் டாக்டரைக் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள்.

கிளம்பும் முன் ஒரு போன்

பூங்காவுக்குப் போன் போட்டு இவற்றைக் கேளுங்கள்: வீல்சேர் போகும் சரிவுப்பாதை உண்டா? வீல்சேர் நுழையும் டாய்லெட் உண்டா? எந்த விளையாட்டுக்குப் படி ஏறாமல் போகலாம்? ஏற, இறங்க முழுசாக நிறுத்துவார்களா? நடுவில் கரண்ட் போனால் எப்படி இறக்குவார்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், அந்த ராட்டினத்தை விட்டுவிடுங்கள்.

கூட்டமில்லாத வார நாளில் போங்கள். காலையில் போய், உச்சி வெயிலில் நிழலில் ஓய்வெடுங்கள்.

நான் செய்த தப்பு

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன் நான். வாத நோய் எண்பது என்று ஒப்பிப்பேன். அப்படிப்பட்ட நானே, பல வருஷம் முன்பு ஒரு பொருட்காட்சியில், பாரிசவாயு வந்த என் அப்பாவை அவசரத்தில் நலிந்த கையைப் பிடித்துத் தூக்கி ராட்டினத்தில் ஏற்றினேன். ராத்திரி முழுக்க அப்பாவுக்குத் தோள்வலி. பலமில்லாத தோள்மூட்டு சுலபமாக நழுவிவிடும். அப்பா என்னைத் திட்டவில்லை. அதற்குப்பிறகு எங்கே கூப்பிட்டாலும் வர மறுத்துவிட்டார். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்!

* வீல்சேரை நல்ல கை, கால் இருக்கும் பக்கம் இருக்கையை ஒட்டி நிறுத்தி, பிரேக் போடுங்கள்.
* கையையோ அக்குளையோ பிடித்து இழுக்கக் கூடாது. இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி, அதைப் பிடித்து எழுப்புங்கள்.
* பலவீனமான பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர் உட்காரட்டும். நலிந்த கையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளட்டும்.
* உணர்ச்சி குறைந்த காலில் அடிபட்டால் தெரியாது. இறங்கியதும் நீங்களே பாருங்கள்.
* “போதும்” என்றால் போதும். வற்புறுத்தாதீர்கள்.

தண்ணீரும் அடக்கலும்

டாய்லெட்டுக்குப் பயந்தே பல பெரியவர்கள் பயணத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. அடக்கக்கூடாத வேகங்கள் பதினான்கு என்கிறது சித்த மருத்துவம். சிறுநீர் அதில் ஒன்று. இரண்டு மணிக்கு ஒருமுறை நீங்களே கூட்டிப்போங்கள். அவராகக் கேட்கக் கூச்சப்படுவார்.

காலையில் இட்லி போல லேசான உணவு போதும். தலைசுற்றல், குமட்டல் வருபவர்கள் ஏறுவதற்கு அரை மணி முன்பு கொஞ்சம் சுக்குமல்லி காபி குடிக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இஞ்சி, சுக்கை அளவோடு நிறுத்துங்கள். வழக்கமான மாத்திரைகளை எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள். சர்க்கரை உள்ளவர் கையில் பிஸ்கட் இருக்கட்டும்.

வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான நீரில் குளியல், லேசாக உளுந்துத் தைலம். உணர்ச்சி குறைந்த பக்கத்தில் சூட்டு ஒத்தடம் மட்டும் வேண்டாம். கொப்புளம் வந்தாலும் தெரியாது.

அந்த ஆச்சி என்ன ஆனார் என்கிறீர்களா? போய்விட்டு வந்தார். ஏறியது இரண்டே இரண்டு: பொம்மை ரயில், படகு. பெரிய ராட்டினத்தைக் கீழே இருந்து பார்த்தாராம். அடுத்த முறை கிளினிக்குக்கு வந்தபோது, “பேரன் என் கையைப் புடிச்சுக்கிட்டு, பயப்படாதீங்க அப்பத்தான்னான் டாக்டர். பயந்தது அவன்தான்!” என்று சிரித்தார். அதுவரை சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்ட கைப்பயிற்சியை இப்போது தினமும் செய்கிறாராம்.

“அடுத்த வருஷம் கம்பியை நானே புடிக்கணும்ல?”

இந்த லீவுக்கு உங்கள் வீட்டுப் பெரியவரை எங்கே விட்டுவிட்டுப் போவது என்று யோசிக்கும் முன், ‘நீங்களும் வர்றீங்களா?’ என்று அவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள்.