கதிர்காமத்துக் கணக்கு

புதுச்சேரியின் கடற்கரைப் பக்கத்து வீதிகள் நூல் பிடித்தாற்போல் வகுக்கப்பட்டவை. மேற்கே கதிர்காமம் அவ்விதம் அமைந்ததன்று. இங்கே வழுதாவூர் சாலையில், 2010-இல் மாணவர் சேர்க்கையைத் தொடங்கிய இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியை ஸ்தாபித்தது அரசாங்கம். ஆனால் ஆஸ்பத்திரி வாசலென்றால் தாமாகவே வந்து சேரும் மருந்துக்கடையையும் இளநீர் வண்டியையும் எந்த அதிகாரியும் உத்தரவிட்டு வரவழைப்பதில்லை. கலப்புப் பொருளாதாரம் என்பதன் பிரத்தியட்ச ரூபம் இதுவே.

1964-இல் பிட்ஸ்பர்க் நகரத்துக்காக ஐரா லௌரி என்ற அமெரிக்கர் அமைத்த கணித மாதிரியும், பிரதானத் தொழில்கள் எங்கே என்று முதலில் குறித்துக்கொண்டு, அவற்றில் உழைப்போர் பயண தூரத்தைப் பொறுத்து எங்கே குடியிருப்பர், அக்குடும்பங்களை நம்பி எத்தனை கடைகள் எழும், அக்கடைச் சிப்பந்திகள் எங்கே குடியேறுவர் என்று, விடை நிலைபெறும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடுவதுதான். சாலையில் பாதியை அடைத்து நின்று சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோவுக்கு மட்டும் அவர் இடம் ஒதுக்கவில்லை. பாவம், அவர் வழுதாவூர் சாலையைப் பார்த்தவரல்லர்.