டிரைவர் சொல்லத் தயங்கிய மஞ்சள் விளக்கு

தாராவியில் குடியிருக்கும் தமிழ் டிரைவர் ஒருவர். வயது நாற்பதுக்கு மேல். தனியார் கம்பெனி அதிகாரி ஒருவரின் டீசல் காரை ஓட்டுகிறார். காலையில் அதிகாரியைப் பாந்திராவில் ஏற்றி நரிமன் பாயின்டில் இறக்குவார். பிறகு மாலை வரை காத்திருப்புதான். வெயில் தாங்காத நாட்களில் எஞ்சினை அணைக்காமல் ஏ.சி. போட்டுக்கொண்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. சிறிய பெட்டி போன்ற படம், அதற்குள் புள்ளிகள். வண்டி வழக்கம்போலவே ஓடியது. சொன்னால், "வண்டியை என்ன செய்தாய்?" என்று சாப் கோபிப்பாரே என்று பேசாமல் இருந்துவிட்டார்.

இரண்டு வாரம் சென்றது. மாகிம் அருகே வண்டி இழுக்க மறுத்தது. ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தியும் வேகம் ஏறவில்லை. எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தது. புது வடிகட்டி போட ஒர்க் ஷாப்பில் சொன்ன தொகை டிரைவரின் பல மாதச் சம்பளம். அதில் பாதியை அவர் தலையில் கட்டினார் அதிகாரி.

கரி பிடிக்கும் வடிகட்டி

அந்த விளக்கு, வண்டி கெட்டுவிட்டதைச் சொல்லும் விளக்கு அல்ல. கெடாமல் தடுக்கச் சொல்லும் விளக்கு. பாரத் ஸ்டேஜ் 6 விதி 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. அதற்கேற்ப வந்த டீசல் கார்களில் புகை வெளியேறும் வழியில் ஒரு வடிகட்டி இருக்கிறது. ஒர்க் ஷாப்காரர்கள் இதை டி.பி.எஃப். என்பார்கள். புகையில் வரும் கரியை இது பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி நல்ல வேகத்தில் ஓடும்போது சுமார் 600 டிகிரி சூடு ஏறி, சேர்ந்த கரி தானே எரிந்துவிடும். நெரிசலில் ஊர்ந்தாலும், நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டாலும் அந்தச் சூடு ஏறாது. கரி மட்டும் சேர்ந்துகொண்டே போகும்.

விளக்கு எரிந்தவுடன் செய்ய வேண்டியது சுலபம். டாங்கில் டீசல் கால் பாகத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். நெரிசல் இல்லாத அதிகாலையில் சயானிலிருந்து ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையில் தாணே பக்கம் போய் வரலாம். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல், ஆனால் சாலையின் வேக வரம்புக்குள், சீராக 20 நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். நடுவில் எஞ்சினை நிறுத்தக் கூடாது. வண்டியின் கையேட்டில் வேறு முறை சொல்லியிருந்தால் அதுதான் சரி.

அப்படியும் அணையாவிட்டால், அல்லது எஞ்சின் விளக்கும் சேர்ந்துகொண்டால், மேலும் ஓட்டாமல் ஒர்க் ஷாப்புக்குப் போக வேண்டும். அந்த நிலையிலும் கருவி வைத்துக் கரியை எரிக்க வழி உண்டு. அதையும் தாண்டினால்தான் வடிகட்டியை மாற்றும் செலவு. "கழற்றி எறிந்துவிடலாம்" என்று யோசனை சொல்லும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அது சட்ட விரோதம்.

சிவப்பானால் பேச்சே இல்லை

எண்ணெய்க் குவளை படம் சிவப்பாக எரிந்தால் ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓட்டினால் எஞ்சினே போய்விடும். டீசலில் தண்ணீர் கலந்திருப்பதைக் காட்டும் விளக்கு எரிந்தாலும் தாமதம் கூடாது. மழைக்காலத்தில் இதைக் கவனிக்க வேண்டும். டீசலைவிடக் கனமான தண்ணீர் ஃபில்டரின் அடியில் தங்கும். அதை மெக்கானிக் வடித்துவிடுவார். விட்டுவைத்தால் பம்பும் இன்ஜெக்டரும் பழுதாகும்.

தாராவி டிரைவரின் சம்பளத்தில் இன்னும் மாதாமாதம் பிடித்தம் நடக்கிறது. இப்போது ஞாயிறு காலையில், சாப்புக்குச் சொல்லிவிட்டே, தாணே வரை போய் வருகிறார். எந்த விளக்கு எரிந்தாலும் தேதியையும் கிலோமீட்டரையும் நோட்டில் எழுதி, அன்றே சாப்பிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்.