பெட்டி சிறுத்த கதை

மேஜிக் ஷோ ஒரு ஊருக்கு வருகிறதென்றால் அந்தக் காலத்தில் முதலில் வந்து இறங்குவது சாமான்தான். ரயிலில் புக் செய்த சரக்கை கூட்ஸ் ஷெட்டில் எடுத்து, லாரியில் ஏற்றி, தியேட்டரின் பின்வாசலில் கொண்டுபோய் அடுக்குவார்கள். ஆள் உயர மரப்பெட்டிகள், சுருட்டிக் கட்டிய படுதாக்கள், வாள்கள், கூண்டுகள், உடுப்பு வைத்த டிரங்குகள், கூடவே சமையல் பாத்திரங்களும் விறகடுப்பும். லைட் பார்ப்பவர், ஆர்மோனியம் வாசிப்பவர், தையல்காரர், சமையற்காரர் எல்லாரும் சாமானோடு வந்துவிடுவார்கள். மேஜிக் நிபுணர் கடைசியாகத்தான் வந்து சேருவார்.

இன்று அதே தொழிலைச் செய்கிறவர் ஒரு ரிசப்ஷனுக்குக் கிளம்பும்போது பார்த்தால், ஐ.டி. கம்பெனிப் பையன் பொங்கலுக்கு ஊருக்குப் போகிற மாதிரி இருக்கும். சக்கரம் வைத்த சூட்கேஸ் ஒன்று, தோளில் ஒரு பை, அவ்வளவுதான். இந்தப் பெட்டி சிறுத்துப்போனதைப் பற்றி யார் பேசினாலும் யூட்யூப்பைத் திட்டித்தான் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. ரகசியம் வெளியே போனதைவிட, ரகசியத்தைச் சுமந்துகொண்டிருந்த ஆட்கள் போனதுதான் பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் பெரிய மேடை மேஜிக் என்றால் பேச்சு பி.சி.சர்க்காரிடம்தான் போய் நிற்கும். 1913இல், இப்போது வங்கதேசத்தில் இருக்கிற தங்காயில் பகுதியில் பிறந்தவர். அவருடைய குரு கணபதி சக்கரவர்த்தி சர்க்கஸ் கூடாரத்தில் பேர் வாங்கிய மனிதர். அதுவரை நம்மூர் மேடை மேஜிக்காரர்கள் வெள்ளைக்காரனைப் பார்த்துக் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக நின்றார்கள். சர்க்கார் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு சரிகை ஷெர்வானியும் இறகு வைத்த தலைப்பாகையுமாக மகாராஜா வேஷத்தில் வந்தார். ‘உலகின் தலைசிறந்த மந்திரவாதி’ என்ற பட்டத்தையும் தானே போட்டுக்கொண்டார். கூச்சம் பார்த்தால் இந்தத் தொழிலில் கஞ்சி குடிக்க முடியாது. ‘இந்திரஜால்’ என்று அவர் பேர் வைத்த நிகழ்ச்சி, அரண்மனைப் படுதாவும் ஆட்டமும் பாட்டுமாக ஒரு நாடகக் கம்பெனியையே சுமந்துகொண்டு நாடு நாடாகப் போனது.

1956 ஏப்ரல் 9ஆம் தேதி லண்டனில் நடந்ததை மேஜிக்காரர்கள் இன்றும் வாய் நிறையச் சொல்வார்கள். பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சி, நேரடி ஒளிபரப்பு. மேசையில் படுத்திருந்த பெண்ணின் குறுக்கே வட்ட ரம்பம் ஓடுகிறது. சர்க்கார் அவளை எழுப்பப் பார்க்கிறார், எழவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் துணியை எடுத்து முகத்தை மூடுகிறார். தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி கேமராவுக்கு முன்னால் வந்து நிகழ்ச்சி முடிந்தது என்று சொல்லிவிட்டார். நேரம் போதவில்லை என்பது பிபிசி தரப்பு. அந்தப் பெண் நிஜமாகவே செத்துவிட்டாள் என்று பதறிப் போன் போட்டவர்களால் பிபிசியின் லைன்கள் திணறிப்போயின. மறுநாள் பத்திரிகையெல்லாம் அதே பேச்சு. டியூக் ஆஃப் யார்க் தியேட்டரில் சர்க்காருக்கு ஏற்கெனவே தேதி எடுத்திருந்தது. டிக்கெட் எப்படி விற்றிருக்கும் என்று சொல்லவா வேண்டும்? நிமிஷக் கணக்குத் தவறாமல் மேடையில் வேலை செய்து பழகிய மனிதருக்கு அன்றைக்கு மட்டும் நேரம் தவறியது என்பதை நான் நம்பவில்லை.

1971 ஜனவரி 6ஆம் தேதி ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், ஷோ முடித்த கையோடு மாரடைப்பில் இறந்தார். வயது 57. ஒப்புக்கொண்ட ஷோக்கள் பாக்கி இருந்தன. மகன் பிரதீப் சந்திர சர்க்கார் போய் அதே தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு அவற்றை நடத்திக்கொடுத்தார். அவர்தான் ஜூனியர். ரயிலை மறைத்தது, 2000இல் தாஜ்மஹாலை மறைத்தது எல்லாம் அவர் கணக்கு. மூத்த மகன் மானிக் படிப்பு, அமெரிக்கா, லேசர் ஓவியம் என்று வேறு பக்கம் போனார். ஜூனியரின் மகள் மேனகாவும் மேடையேறினார். வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவே சுவர் கிடையாது என்பது இந்தத் தொழிலின் பழைய ஏற்பாடு. மகன் அப்பாவிடம் கற்பது பாசத்தால் மட்டுமல்ல, பெட்டியின் உள்பக்கம் வெளியாளுக்குத் தெரியக் கூடாது என்பதாலும்தான்.

நம் பக்கம் இதன் சின்ன அச்சுகள் நிறைய இருந்தன. எனக்குப் பழக்கமான தென்மாவட்டத்துக்காரர் ஒருவர் அப்படித்தான் கம்பெனி வைத்திருந்தார். சரிகைத் தலைப்பாகை, ஒட்டு மீசை. பெட்டி செய்ய ஆசாரியிடம் கொடுக்கும்போது சட்டத்தை ஒருவரிடமும் கதவை வேறு ஊர் ஆசாரியிடமும் கொடுத்து வாங்கி, கீல் பூட்டுகிற வேலையை ராத்திரி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தானே செய்வாராம். மேடையில் அறுபடுகிற பெண் அவருடைய சம்சாரம். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றும் சம்சாரத்தை மதினி என்றும் கூப்பிடுவோம். பிறகு மதினியின் தங்கை. “சம்பளத்துக்கு ஆள் வச்சா, சண்டை போட்டுட்டுப் போற அன்னைக்கு ரகசியமும் அவங்கூடப் போயிரும் தம்பி” என்பார். பெட்டி மதினியின் அளவுக்குச் செய்தது. இரண்டாவது பிள்ளை பிறந்தபிறகு மதினியால் அதற்குள் வளைய முடியவில்லை. புதுப்பெட்டிக்குப் பணம் இல்லை, தங்கை வந்தாள். தங்கைக்குக் கல்யாணமானதும் அந்த ஐட்டமே நின்றுபோனது.

டேரா போட்டால் ஒரே ஊரில் வாரக்கணக்கில் இருப்பார்கள். முதல் நாள் ஜனம் சேர்க்கத்தான் கண்ணைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுவது. இரண்டு கண்ணிலும் பிசைந்த கோதுமை மாவை அப்பி, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் கறுப்புத் துணி, கடைசியாகத் தலையோடு ஒரு பை. கட்டுவதற்கு ஊரில் மதிப்பான ஆளாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள், டாக்டரோ ஹெட்மாஸ்டரோ. அவர்களும் தங்கள் மானம் இதில் இருப்பதுபோல இறுக்கிக் கட்டுவார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து தியேட்டர் வரை வண்டி போகும். பின்னாலேயே மைக் கட்டிய காரிலிருந்து நோட்டீஸ் பறக்கும், பிள்ளைகள் ஓடும். வண்டி மாட்டைச் சுற்றிக்கொண்டு போனது, காய்கறித் தள்ளுவண்டியிடம் நின்று வழிகொடுத்தது என்று ராத்திரி வரை டீக்கடையில் அதே பேச்சாக இருக்கும். மறுபக்கம், 1939ஆம் வருஷத்துக் கேளிக்கை வரிச் சட்டப்படி டிக்கெட் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வரி ஆபீசில் முத்திரை குத்த நிற்க வேண்டியிருந்தது. போலீஸ் அனுமதிக்கு ஒரு நடை, தீயணைப்புக்கு ஒரு நடை. எல்லா ஆபீசிலும் கடைசியில் வருகிற கோரிக்கை ஒன்றுதான்: ‘ஃபேமிலிக்கு முன்வரிசையில நாலு பாஸ்.’

ஷோவுக்கு நடுநடுவே ஒரு சொம்பு வரும். கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிக் காலி என்று காட்டிவிட்டு அடுத்த ஐட்டத்துக்குப் போவார். அது முடிந்து திரும்பினால் சொம்பில் மறுபடி தண்ணீர். சர்க்காரின் ‘வாட்டர் ஆஃப் இந்தியா’ அப்படியே ஊர் ஊராக இறங்கிவந்தது இது. இரண்டரை மணி நேர ஷோவில்தான் அந்தச் சொம்புக்கு மதிப்பு. ஐந்தாவது முறை கொட்டும்போது ஜனம் தானாகவே சிரிக்கும். முப்பது நிமிஷ ஷோவில் சொம்பு என்ன செய்யும்?

இப்போது கிடைப்பது அந்த முப்பது, நாற்பது நிமிஷம்தான். பிறந்தநாள், ரிசப்ஷன், பள்ளி ஆண்டுவிழா, கம்பெனிகளின் குடும்ப விழா. ராத்திரியே வீடு திரும்பிவிடலாம், பிள்ளைகள் படிப்பு கெடாது, மனைவி பெட்டிக்குள் மடங்க வேண்டாம். இதையெல்லாம் நஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனசில்லை. மதினியிடம் அந்த டேரா வாழ்க்கையைப் பற்றி ஏக்கத்தோடு கேட்டால், “கைப்பிள்ளைய கிரீன் ரூம் தரையில போட்டுட்டு மேடையில சிரிச்சுக்கிட்டு நிக்கணும். உங்களுக்கு என்ன, டிக்கெட் எடுத்துப் பாத்துட்டுப் போயிட்டிய” என்று வெட்டிவிடுவார்.

கஷ்டம் வேறு பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. ஜனத்தின் சட்டைப்பையிலிருந்து என்று சொன்னால் சரியாக இருக்கும். “யாராவது ஒரு கைக்குட்டை கொடுங்க” என்று கேட்டால் முன்வரிசையே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறது. கைக்குட்டை வைத்திருக்கிறவர் ஒரு தாத்தா, அதை அவர் கொடுக்க மாட்டார். நம்மூரில் எப்போதும் எடுபடுகிற ஐட்டம், கூட்டத்தில் ஒருவரிடம் நோட்டு வாங்கி, நம்பரைக் குறித்துக்கொண்டு, நோட்டை மறைத்துவிட்டு, எலுமிச்சம்பழத்தை வெட்டி அதற்குள்ளிருந்து எடுப்பது. எலுமிச்சம்பழம் என்றாலே நம் ஜனத்துக்கு ஒரு சின்ன பயம் உண்டு, பாதி வேலையை அந்தப் பயமே செய்துவிடும். 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றானபோது, மேஜிக்காரர்கள் பக்குவம் பண்ணி வைத்திருந்த நோட்டுகளும் சேர்ந்து செத்தன. அதை வங்கியில் கொடுத்து மாற்றவும் முடியாது. அதையாவது புது நோட்டில் மறுபடி செய்துகொள்ளலாம். கியூஆர் கோடு வந்தபிறகு நோட்டே கைமாறுவதில்லை. சீட்டுக்கட்டில் செய்யலாமே என்பீர்கள். கல்யாண மண்டபத்தில் சீட்டுக்கட்டை எடுத்தால் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவராவது முகத்தைச் சுளிப்பார். சூதாட்டச் சாமான்.

ஆகவே இளைஞர்கள் ஜனத்தின் கையில் இருப்பதையே எடுத்துக்கொண்டார்கள். உங்கள் போன் கால்குலேட்டரில் நாலு பேரை நாலு எண் தட்டச் சொல்லிக் கடைசியில் உங்கள் பிறந்த தேதியை வரவழைக்கிறார்கள். நினைத்த பெயரைச் சொல்கிறார்கள். நன்றாகவே செய்கிறார்கள். முயலும் புறாவும் குறைந்துவிட்டன. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கத்தைப் பழக்கி வேடிக்கை காட்டக் கூடாது என்று 1998இல் மத்திய அரசு ஆணை போட்டதோடு பெரிய விலங்குகளின் பேச்சே முடிந்தது. வாளையும் சங்கிலியையும் கையில் எடுத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. தீ பற்றும் பஞ்சையும் விடமாட்டார்கள். செக்யூரிட்டியில் ஒருமுறை பையைக் கொட்டிக் காட்டியவர் மறுமுறை அந்த ஐட்டத்தையே விட்டுவிடுகிறார்.

ரகசியம் வெளியானதற்கு வருகிறேன். 1921 ஜனவரியில் பி.டி.செல்பிட் என்பவர் லண்டன் மேடையில் பெட்டிக்குள் ஒரு பெண்ணை வைத்து அறுத்துக் காட்டினார். அன்றிலிருந்து ‘உள்ள ரெண்டு பேரு இருக்காங்கடா’ என்று ஒருவர் பின்சீட்டிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். டிக்கெட்டும் விற்றுக்கொண்டுதான் இருந்தது. 1997இல் அமெரிக்க டிவியில் ஒருவர் முகமூடி போட்டுக்கொண்டு வரிசையாக ரகசியங்களைப் போட்டு உடைத்தார். அப்போதும் தொழில் சாகவில்லை. இன்றைய தொந்தரவு யூட்யூப்பில் இருக்கும் விளக்கம் அல்ல, பக்கவாட்டில் நிற்கிற செல்போன். மேடை மேஜிக் முன்னாலிருந்து பார்ப்பதற்காகக் கட்டப்பட்டது. மண்டபத்தில் ஜனம் மூன்று பக்கமும் நிற்கிறது. சாப்பிடப் போகிறவர்கள் மேடைக்குப் பின்னால்கூடப் போகிறார்கள். தியேட்டரில் அந்தப் பக்கங்களைக் காத்தவர்கள் கம்பெனி ஆட்கள். ஒற்றை ஆளாக வருகிறவருக்கு யார் காவல்?

ஜனம் குறைகிறதே என்று பெரிய காரியமாகச் செய்யப்போய் உயிரை விட்டவரும் உண்டு. 2019 ஜூன் 16ஆம் தேதி, ‘மேண்ட்ரேக்’ என்ற பேரில் மேஜிக் செய்துவந்த சஞ்சல் லாஹிரி, கொல்கத்தாவில் கை காலைச் சங்கிலியால் கட்டிப் பூட்டிக்கொண்டு, ஹவுரா பாலத்துப் பக்கம் ஹூக்ளி ஆற்றில் இறங்கினார். பூட்டை அவிழ்த்துத் தப்பித்து வருகிற ஹூடினி பாணி. மேலே வரவில்லை, மறுநாள் உடல்தான் கிடைத்தது. 2013இல் இதுபோன்ற ஒரு முயற்சியில், கூண்டில் ரகசியக் கதவு இருப்பதைப் பார்த்துவிட்டதாகச் சொல்லிக் கூட்டம் அவரை அடிக்கப் பாய்ந்தது. தப்பித்து வந்தால் ஏமாற்று, வராவிட்டால் செய்தி.

கேரளத்தில் வேறு வழி பார்த்தார்கள். கோபிநாத் முதுகாடு 1996இல் திருவனந்தபுரத்தில் மேஜிக் அகாடமி தொடங்கினார். 2014இல் கழக்கூட்டத்தில் ‘மேஜிக் பிளானட்’ திறந்தார். ஊர் ஊராகச் சாமான் தூக்காமல் ஜனத்தைத் தன் இடத்துக்கு வரவழைக்கிற ஏற்பாடு. தெருவில் வித்தை காட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் அங்கே மாதச் சம்பள வேலை கிடைத்தது. 2021இல் முதுகாடு தொழில்முறை ஷோக்களை நிறுத்திக்கொண்டு, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான கலை மையத்தில் முழுதாக இறங்கிவிட்டார். நம்மூரில் அப்படி ஒரு நிரந்தர மேடை கட்டினால் பொருட்காட்சிக்குப் போகிற ஜனம் அங்கேயும் போகும் என்றுதான் தோன்றுகிறது. முதல் போடத்தான் ஆள் வேண்டும்.

அண்ணாச்சி இன்னும் ஷோ செய்கிறார். அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது ஒரு ரிசப்ஷனுக்காக ஈவென்ட் மேனேஜர் பையன் போன் பண்ணினான். மேடைக்குப் பின்னால் எல்இடி வால் வைக்கிறார்களாம். பின்னால் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் காற்றில் மிதக்கிற பந்து மிதக்காது.

“என் டைம் வரைக்கும் ஸ்க்ரீனை அணைச்சு வைக்க முடியுமா தம்பி?”

“மாப்ள பொண்ணு போட்டோ ஓடிக்கிட்டே இருக்கணும் சார். அது பேக்கேஜ்ல இருக்கு.”

அண்ணாச்சி நோட்டை எடுத்து மிதக்கும் பந்தை அடித்தார். யோசித்துவிட்டு அதற்குக் கீழே இருந்ததையும் அடித்தார். அடுப்படியிலிருந்து மதினி கேட்டார்: “அட்வான்ஸ் வந்துட்டா?”

“பாதி ஜிபேல போட்டுட்டான்.”

“புறா உண்டா?”

“ஏசி ஹாலு. வேண்டாம்.”

“அப்ப நான் வரல. நீங்க மட்டும் போயிட்டு வாங்க, எனக்கு அன்னைக்கு வளைகாப்பு இருக்கு.”