அரசி பாயம்மாவின் தொட்டில்

ஏலகிரி மலையில் நான் வசிக்கும் இடத்திற்கு அண்மையில் ஒரு முதிய மரம் நிற்கிறது. அதன் கிளைகளில் மஞ்சள் துணியால் கட்டிய சிறு தொட்டில்கள் எப்பொழுதும் காற்றில் அசைந்துகொண்டிருக்கும். மகப்பேறு வேண்டி வந்த பெண்கள் நேர்ந்துகொண்டு கட்டிப்போனவை அவை. அவ்வழியே செல்லும்போதெல்லாம், இவற்றுள் எத்தனை தொட்டில்கள் தாயின் ஆசையால் கட்டப்பட்டவை, எத்தனை தொட்டில்கள் மாமியார் வீட்டின் சொல்லுக்கு அஞ்சிக் கட்டப்பட்டவை என்று எனக்குள் கேட்டுக்கொள்வது உண்டு.

மலை விளிம்பில் நின்று பார்த்தால் கீழே ஜோலார்பேட்டை இரயில் சந்திப்பு தெரியும். அதற்கு அப்பால் பாலாற்றின் சமவெளி. அந்த ஆற்றை ஒட்டியே, தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற வாணியம்பாடியையும் ஆம்பூரையும் கடந்து சென்றால் வேலூர் வந்துவிடும். அங்கே அகழி சூழ நிற்கும் கருங்கற்கோட்டையை அறியாதவர் நேயர்களுள் இருக்க மாட்டார்கள். 1806ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த கோட்டை அது. திப்பு சுல்தானின் குடும்பத்தாரும், கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரும் சிறையிருந்த கோட்டையும் அதுவே. ஆனால் அதற்கும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, அதே மதில்களுக்குள் ஓர் அரச குடும்பம் அழிந்தது. அந்த அழிவுக்கு விதை ஒரு தொட்டிலில் இடப்பட்டது. அத்தொட்டிலைக் கட்டிய அரசியின் பெயர் பாயம்மா.

இங்கிலாந்து வரலாற்றைப் படித்தவர்கள் எட்டாம் ஹென்றி மன்னனின் இரண்டாம் மனைவி ஆன் பொலீனின் கதையை அறிவார்கள். ஆண்வாரிசு வேண்டும் என்ற வேட்கையால் முதல் மனைவி காதரீனை ஒதுக்கிவிட்டு, 1533ஆம் ஆண்டு ஹென்றி இவளை மணந்தான். அவ்வாண்டு செப்டம்பர் 7ஆம் நாள் அவளுக்குப் பிறந்தது பெண் குழந்தை. 1536ஆம் ஆண்டு ஜனவரியில் அவளுடைய கரு சிதைந்தது. நான்கு மாதங்களுக்குள் அவள்மீது ஒழுக்கக் கேடும் அரசத் துரோகமும் சாட்டப்பட்டன. மே மாதம் 17ஆம் நாள் அவளுடைய உடன்பிறந்தான் கொல்லப்பட்டான். 19ஆம் நாள் அவள் தலை வாளுக்கு இரையாயிற்று. வெளியே சொல்லப்பட்ட குற்றம் வேறு. எனினும், அவள் ஓர் ஆண்மகவைப் பெற்றிருந்தால் அந்த வாள் உறையிலேயே கிடந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு.

நம் பாயம்மாவின் கதை இதற்குச் சில தலைமுறை பிந்தியது. 1565ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு விஜயநகரம் பாழானது. ஆனால் விஜயநகரப் பேரரசு உடனே மறைந்துவிடவில்லை. பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தலைநகரை மாற்றிக்கொண்டு தெற்கே அது நின்று நிலவியது. அக்காலத்தில் அதனைத் தாங்கிப் பிடித்தவர் வெங்கடபதி ராயர். 1585ஆம் ஆண்டளவில் அரியணை ஏறிய அவர், 1614ஆம் ஆண்டு வரை ஆண்டார். சிதறிப்போன தலைவர்களை ஒடுக்கி, வடக்கேயிருந்து வந்த படைகளைத் தடுத்து, குலையவிருந்த நாட்டைக் கட்டிக்காத்த திறமையாளர் அவர். அத்தகையவருக்கு ஒரு குறை இருந்தது. அரசியர் பலர் இருந்தும் அவருக்கு மகன் இல்லை.

அந்த அரசியருள் ஒருத்தி பாயம்மா. கொப்பூரி என்னும் வலிமை மிக்க குடியிற் பிறந்தவள். அக்குடியின் தலைவனான ஜக்கராயனுக்கு அவள் மகள் என்று ஒரு சாராரும், தங்கை என்று மற்றொரு சாராரும் எழுதுவர். எவ்வாறாயினும் அரண்மனையில் அவளுக்கு இருந்த ஏற்றம், அவள் குடியினருக்கு நாட்டில் இருந்த ஏற்றம். அவள் வயிற்றில் ஒரு மகன் பிறந்தால் நாளை நாடே அவர்களுடையது. பிறக்காவிட்டால், மன்னர் கண்மூடும் அன்றே அவர்களுடைய செல்வாக்கும் கண்மூடும். இந்நிலையில் ஒரு பெண்ணின் மனம் எத்தகைய பாரத்தைச் சுமந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அப்போது நிகழ்ந்ததை, மனுவேல் பர்ராதாஸ் என்னும் இயேசு சபைப் பாதிரியார் 1616ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் விரித்துரைக்கிறார். ராபர்ட் சிவெல் என்னும் ஆங்கில அறிஞர் 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட விஜயநகர வரலாற்று நூலில் அக்கடிதத்தின் மொழிபெயர்ப்பைக் காணலாம். பாயம்மாவின் பிறந்தகத்தைச் சார்ந்த ஓர் அந்தணப் பெண் அவளிடம் வந்தாள். தான் ஒரு மாதக் கருவுற்றிருப்பதாகவும், அரசியும் கருவுற்றிருப்பதாக மன்னரிடம் சொல்லி ஊரறியச் செய்துவிட்டால், பிறக்கும் குழந்தையை மறைவாக அரண்மனைக்கு அனுப்பிவிடுவதாகவும் கூறினாள். அரசி அவ்வாறே நடித்தாள். மாதங்கள் நிறைந்தன. ஆண் குழந்தை பிறந்தது; அரண்மனைத் தொட்டிலுக்கு வந்து சேர்ந்தது. அரசிக்கு மகன் பிறந்தான் என்ற செய்தி எங்கும் பரவியது.

இனி நான் கூறப்போவதுதான் இவ்வரலாற்றின் உயிர்நிலை. வெங்கடபதி ராயர் ஏமாறவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்றே பாதிரியார் எழுதுகிறார். தெரிந்திருந்தும், அரசிமீது கொண்ட அன்பினால் தெரியாதவர்போல் இருந்துவிட்டார். விழாக்கள் எடுத்தார். பட்டத்துக்கு உரிய இளவரசனையே அழைக்கும் ‘சிக்கராயர்’ என்னும் பெயரையும் அக்குழந்தைக்குச் சூட்டினார். ஆயினும் அவனை மகனாகப் பாராட்டவுமில்லை. சந்திரகிரி அரண்மனைக்குள்ளேயே அவனை வைத்திருந்தார். அரசியுடன் அன்றி வெளியே செல்ல அவனுக்கு இசைவு இல்லை. பதினான்கு வயதில், அரசியின் உறவினரை மனங்குளிரச் செய்வதற்காகத் தம் குடும்பத்துப் பெண் ஒருத்தியையே அவனுக்கு மணமுடித்தும் வைத்தார்.

நேயர்களே, இங்கே சற்று நின்று சிந்திக்கவேண்டும். ஹென்றி தன் மனைவியை வாளுக்கு ஈந்தான். வெங்கடபதியோ தம் மனைவியின் மானத்தைக் காத்தார். இவ்விருவரில் யார் நல்ல கணவர் என்று கேட்டால் விடை சொல்வது எளிது. ஆனால் அரசர் என்ற முறையில் வெங்கடபதி செய்தது என்ன? பொய்யை ஒப்புக்கொள்ளவும் இல்லை; மறுக்கவும் இல்லை. பெயரைக் கொடுத்தார், உரிமையைக் கொடுக்கவில்லை. நம்பிக்கையை வளர்த்தார், அதனை நிறைவேற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. அரசியின் உறவினர் ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சிறுவனைப் பார்த்துப் பார்த்துத் தங்கள் காலம் வரும் என்று காத்திருந்தனர். பாயம்மா பொய்யைத் தொடங்கினாள் என்பது உண்மை. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் பாலூட்டி வளர்த்தது மன்னரின் மௌனம்.

1614ஆம் ஆண்டு அக்டோபரில் மன்னர் மரணப் படுக்கையில் விழுந்தார். இறப்பதற்கு மூன்று நாள் முன்பு, பிரபுக்கள் சூழ்ந்திருக்க, தம் தமையனார் மகனான ஸ்ரீரங்கரை அழைத்தார். அரச முத்திரை மோதிரம் அணிந்த கையை அவர்பால் நீட்டினார். ஸ்ரீரங்கர் கண்ணீர் விட்டு, அதனை ஏற்க மறுத்து அடிபணிந்தார். மோதிரம் மறுபடியும் நீட்டப்பட்டது. அவையோர் வற்புறுத்தவே, அதனை வாங்கித் தலைமேல் வைத்துப் பின்னர் விரலில் அணிந்துகொண்டார். அப்போதும் அவர் கண்கள் நீரைப் பொழிந்தன என்கிறது கடிதம். மூன்றாம் நாள் மன்னர் மறைந்தார். அரசியர் மூவர் அவருடன் தீப்புகுந்தனர். அம்மூவரின் பெயரைப் பாதிரியார் குறிக்கவில்லை.

மௌனத்தால் மூடிவைத்திருந்தது இப்போது வெடித்தது. பல்லாண்டு காத்திருந்த ஜக்கராயன் வேறு சில தலைவர்களையும் சேர்த்துக்கொண்டு, புதிய மன்னரைக் குடும்பத்தோடு வேலூர்க் கோட்டையில் சிறை வைத்தான். தொட்டிலில் வந்த பிள்ளையை அரசன் என்று முழங்கினான். பெருந்தலைவர்களுள் ஒருவரான வேலுகோட்டி யாச்சம நாயக்கர் மட்டும் அவனுக்குத் தலைவணங்க மறுத்தார். ஸ்ரீரங்கரின் மகன் ஒருவனை, துணி வெளுக்கும் தொழிலாளி ஒருவரின் துணையால், அழுக்குத் துணி மூட்டைக்குள் மறைத்துக் கோட்டையிலிருந்து வெளியேற்றினார். அச்சிறுவன்தான் பிற்காலத்து ராமதேவ ராயர். பேரரசு ஒன்றின் வாரிசைக் காப்பாற்றிய அந்த எளிய மனிதரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

மன்னரையும் மீட்க யாச்சமர் முயன்றார். நிலத்தடியில் சுரங்கம் தோண்டிய முயற்சி வெளிப்பட்டுவிட்டது. மீட்பு முயற்சிகளால் வெகுண்ட ஜக்கராயனின் கட்சியினர் மன்னரைத் தாமே உயிர்துறக்கும்படி நெருக்கினர். வேறு வழி காணாத ஸ்ரீரங்கர் தம் மனைவியைத் தழுவி விடைபெற்று, அவளையும் பிள்ளைகளையும் தம் கையாலேயே வெட்டிவிட்டுத் தாமும் வாளின்மேல் வீழ்ந்து மாண்டார். பாயம்மாவின் தொட்டில் மற்றோர் அரசியின் உயிரையும் அவள் பிள்ளைகளின் உயிரையும் பறித்துக்கொண்டது. கோட்டையைச் சுற்றிப்பார்க்கும் போதெல்லாம், பெயர் தெரியாத அந்த அரசியையும் நான் நினைத்துக்கொள்வேன்.

கொலைச் செய்தி பரவியதும் மக்களின் மனம் ஜக்கராயனுக்கு எதிராகத் திரும்பியது. தென்னாட்டு அரசுகள் இரண்டு அணியாகப் பிரிந்தன. மதுரை நாயக்கரும் செஞ்சி நாயக்கரும் ஜக்கராயன் பக்கம். தஞ்சை ரகுநாத நாயக்கர் யாச்சமரோடு சேர்ந்து இளவரசர் ராமதேவரின் பக்கம். 1616ஆம் ஆண்டை ஒட்டி, கல்லணைக்கு அருகிலுள்ள தோப்பூரில் பெரும்போர் மூண்டது. ஜக்கராயன் களத்தில் வீழ்ந்தான். ராமதேவர் அரசரானார். பின்னர் ஜக்கராயனின் தம்பி தன் மகளை அவருக்கு மணமுடித்துக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டான். ஆணொருவனின் பிறப்பை வைத்து மூண்ட போர், பெண்ணொருத்தியின் திருமணத்தில் முடிந்தது. பாயம்மாவின் குடி எந்த மகுடத்தை எண்ணி அவளை நெருக்கியதோ, அந்த மகுடம் அவளுடைய தொட்டிற் பிள்ளைக்கு நிலைக்கவில்லை.

நாட்டுக்கு நேர்ந்த இழப்பு இதனினும் பெரிது. வெங்கடபதி ராயர் அரும்பாடுபட்டு இணைத்த கட்டு அவிழ்ந்தது. நாயக்க அரசுகள் பெயரளவிலேயே பேரரசைப் போற்றின. 1639ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள், அப்பேரரசின் கீழிருந்த தாமர்ல வெங்கடாத்திரி நாயக்கர் கடற்கரையில் ஒரு துண்டு மணல்நிலத்தை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். அதன்மேல் எழுந்ததே சென்னைப் பட்டணத்துக் கோட்டை.

அந்தக் கம்பெனிக்கு உரிமைப் பத்திரம் வழங்கியவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். 1600ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் அதனை வழங்கியவள் எலிசபெத் அரசி. ஆண்மகவுக்காக ஏங்கிய தந்தைக்கு ஏமாற்றமாகப் பிறந்த, ஆன் பொலீனின் அதே பெண் குழந்தை. 1558 முதல் 1603 வரை நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆண்டு, தன் நாட்டை உயர்த்தியவள். மகன்தான் வேண்டும் என்று அங்கே ஒரு மன்னன் தவித்தான். அவன் வேண்டாத மகள் நாடாண்டாள். மகன்தான் வேண்டும் என்று இங்கே ஓர் அரண்மனை தவித்தது. இரவலாக வந்த மகனால் நாடு சிதைந்தது.

வரலாற்று நூல்களிற் சில பாயம்மாவை வஞ்சகி என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றன. அவள் செய்தது வஞ்சகமே. அதனை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் பல மனைவியரிடத்தும் மகனைப் பெறாத மன்னரை யாரும் குறைகூறவில்லை. மலடி என்ற சொல் பெண்ணுக்கே உரியதாக இருந்தது. அந்தச் சொல்லுக்கு அஞ்சியவள் ஒரு குழந்தையை இரவல் வாங்கினாள். அவளது அச்சத்தை முதலாக வைத்து உறவினர் அரசியல் வாணிகம் நடத்தினர். உண்மையைச் சொல்லி, ‘மகன் இல்லாவிட்டாலும் நீ அரசியே’ என்று அவளுக்கு உறுதிகூறக்கூடிய ஒரே மனிதர் மன்னர். அவர் அன்புடையவர்தான், ஆனால் வாய் திறக்கவில்லை.

எங்கள் மலைமேல் இன்றும் புதிய தொட்டில்கள் கட்டப்படுகின்றன. குழந்தைப் பேறு வாய்க்காததற்குக் கணவன் மனைவி இருவரில் யாரிடமும் காரணம் இருக்கலாம் என்று மருத்துவம் தெளிவாகச் சொல்லும் காலம் இது. ஆயினும் மரத்தடிக்குப் பெரும்பாலும் பெண் மட்டுமே தனியாக வருகிறாள். சென்ற வாரம் அவ்வழியே சென்றபோது ஓர் இளம் தம்பதியரைக் கண்டேன். கிளை உயரமாக இருந்தது. கணவன் அதனைத் தாழ வளைத்துப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் தொட்டிலைக் கட்டினாள். முடிச்சு இறுகியதும் இருவரும் சேர்ந்தே கைகூப்பினர். அரண்மனையில் பாயம்மாவுக்குக் கிடைக்காத துணை அது.