ஹார்ன் அடிக்கிறது, வண்டி கிளம்பவில்லை

ஜனவரியில் கேத்தி பள்ளத்தாக்கின் புல்வெளிகள் உறைபனி படிந்து வெளுத்துக் கிடக்கும். கழுவி மூட்டை கட்டிய கேரட்டோடு பிக்கப் வண்டிகள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கியாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் சில வண்டிகள் சண்டித்தனம் செய்யும். சாவியைத் திருப்பினால் இழுத்து இழுத்துச் சுற்றும், பிடிக்காது. "பேட்டரி போச்சு" என்பார் ஒருவர். "அதெல்லாம் இல்லண்ணே, ஹார்ன் கணீர்னு அடிக்குது பாருங்க" என்பார் டிரைவர்.

ஹார்ன் சாட்சி இங்கே செல்லாது. ஹார்னுக்குச் சில ஆம்பியர் கரண்ட் போதும்; ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்து பத்து ஆம்பியர் அளவு. குளிர்ந்து கிடக்கும் டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் கேட்பதோ 200 ஆம்பியருக்கும் மேல். வழியில் ஏதோ ஒரு கேபிள் முனையில் துருப்பிடித்து 0.005 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வையுங்கள். ஹெட்லைட் போட்டால் அங்கே வீணாவது 0.05 வோல்ட், விளக்கு மங்குவதே தெரியாது. செல்ஃப் அடித்தால் ஒரு முழு வோல்ட் அங்கேயே காலி. இதில் குளிர் வேறு சேர்ந்துகொள்கிறது. பேட்டரியின் பலம் குறைகிறது, இன்ஜின் ஆயில் கெட்டியாகி மோட்டாரின் சுமை ஏறுகிறது.

அதனால் விவரம் தெரிந்த மெக்கானிக், பானட்டைத் திறப்பதற்கு முன்னால் "ஒரு தடவை செல்ஃப் அடிங்க" என்று சொல்லிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். ஒரே ஒரு 'டக்' என்று நின்றால் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சொலினாய்டு இழுக்கிறது, மோட்டாருக்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை அல்லது மோட்டாரே சிக்கியிருக்கிறது. 'டகடகடக' என்றால் பெரும்பாலும் பேட்டரி இறங்கிப்போயிருக்கும், இல்லையேல் முனை தளர்ந்திருக்கும். மோட்டார் மட்டும் 'விர்ர்' என்று தனியாகச் சுற்றினால், ஃப்ளைவீல் பல்லோடு சேர வேண்டிய பெண்டிக்ஸ் தேய்ந்திருக்கிறது. இன்ஜின் வழக்கமான வேகத்தில் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? பேட்டரியை விட்டுவிட்டு டீசல் வரும் வழியைப் பார்க்க வேண்டியதுதான்.

மெதுவாகச் சுற்றும் வண்டிக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க ஓடாமல் நின்ற வண்டியின் பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏறாவிட்டால் ஆல்டர்னேட்டர் சரியாகச் சார்ஜ் ஏற்றவில்லை. புது பேட்டரி மாட்டினாலும் அதுவும் இறங்கிப்போகும்.

அடுத்த சோதனையைத்தான் பல பட்டறைகளில் செய்வதே இல்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்தின் மீதே வைக்க வேண்டும். அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பின் மீது அல்ல. மறு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில். உள்ளே ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட் வந்தால் நிம்மதி. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கேபிள்தான் திருடன். இப்படியே பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கும் இடையிலும் பார்க்கலாம். திருடன் பிடிபட்டபின் வேலை சுலபம்: நெகட்டிவை முதலில் கழற்றி, எர்த் போல்ட்டை அவிழ்த்து, பச்சை பூத்த செம்பையும் அடியில் இருக்கும் துருவையும் எமரித் தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, கொஞ்சம் வாசலின் தடவ வேண்டும். உறைக்குள்ளேயே கம்பி அரித்திருந்தால் கேபிளையே மாற்ற வேண்டியதுதான். அதுவும் புது பேட்டரி விலையோடு பார்த்தால் சில்லறைக் காசு.

கேபிள் இரண்டும் சுத்தம், பேட்டரியும் பலம், ஆனாலும் இழுக்கிறது என்றால் செல்ஃப் மோட்டார். அப்போதும் "முழுசா மாத்திடலாம்" என்ற பேச்சுக்கு உடனே தலையாட்ட வேண்டாம். பல நேரம் கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றினாலே அது இன்னும் பல காலம் உழைக்கும்.

டீசல் பக்கம் வந்தால், புகைதான் துப்பு. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறு மடங்குக்கும் மேல் அழுத்தி, அந்தச் சூட்டில்தான் எண்ணெய் பற்றுகிறது. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தால், டீசல் உள்ளே போகிறது, எரியப் போதிய சூடு இல்லை என்று பொருள். குளிரில் அந்தச் சூட்டைக் கூட்டித் தரும் ஹீட்டர் பிளக்குகளை ஒவ்வொன்றாக மீட்டரில் பார்க்கலாம்: நல்லது ஓரிரு ஓம் காட்டும், கம்பி அறுந்தது எதையும் காட்டாது. ஏர் ஃபில்டரைக் கழற்றி ஈதர் ஸ்ப்ரே அடிக்கும் குறுக்கு வழி ஹீட்டர் பிளக் உள்ள வண்டிகளில் ஆபத்து. பழுத்த பிளக் அதை வேளைக்கு முன்பே பற்றவைத்தால் பிஸ்டன் உடையும்.

புகையே இல்லையென்றால் டீசல் வந்து சேரவில்லை. ராத்திரி நின்ற வண்டி காலையில் மட்டும் நெடுநேரம் சுற்றுகிறதா? எங்கோ ஒரு ஹோஸ் வெடிப்பிலோ வாஷரிலோ காற்று புகுந்து, லைனில் இருந்த டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது. ஃபில்டருக்கு மேலே இருக்கும் ஹேண்ட் பம்பை அமுக்கிப் பார்த்தால் தெரியும்: கல் மாதிரி இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் ஏர் லாக். மழைக்காலத்தில் ஃபில்டரின் அடிமூடியைத் திருகி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும்.

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே அழுத்தக் குழாயிலிருந்து (ரெயில்) டீசல் போகும் காமன் ரெயில் வண்டிகளில் இன்னொரு சிக்கல். ரெயிலில் சுமார் 200 பார் அழுத்தம் சேராமல் இன்ஜினின் கணினியான ஈசியூ இன்ஜெக்டருக்கு உத்தரவே கொடுக்காது. தேய்ந்த இன்ஜெக்டர் டீசலை ரிட்டர்ன் லைனில் ஒழுகவிட்டால் அழுத்தம் எப்படி ஏறும்? நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்னுக்கும் நான்கு சிறு பாட்டில்களை மாட்டிச் சுற்றவிட்டால், மற்றவற்றைவிட வேகமாக நிரம்பும் பாட்டில் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். கிராங்க் சென்சார் செத்தாலும் இதே கதைதான். அதற்கு ஸ்கேனர் வேண்டும். இத்தகைய வண்டியில் ஈசியூ விழிக்கக்கூட பேட்டரியில் கரண்ட் இல்லையென்றால், பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் பயனில்லை.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் கம்ப்ரெஷன் பற்றிய பேச்சு எழ வேண்டும். இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன், ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் வால்வையோ கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும். நான்கும் ஒரே சீராக இறங்கியிருந்தால் பெரும்பாலும் ரிங் தேய்மானம்.