டிக்கெட் விலையும் அடக்க விலையும்

நம் சங்க உறுப்பினர்களின் பிள்ளைகள் பலர் இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் வேலையில் இருக்கிறார்கள். பேரன் பேத்தி பிறக்கிற நேரத்தில் கடையைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டுப் புறப்படும் வியாபாரிகள் வருடத்துக்கு வருடம் கூடி வருகிறார்கள். டிக்கெட் எடுக்குமுன் அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, எந்தக் கம்பெனி சல்லிசு?" நான் விமான விவரம் படித்தவன் அல்ல, ஒரு தடவை நஷ்டப்பட்டவன். அந்த அனுபவத்தை வைத்தும், விசாரித்துத் தெரிந்துகொண்டதை வைத்தும் எழுதுகிறேன்.

விருதுநகரில் பருப்பு என்ன விலை என்று கேட்டுவிட்டு நாம் யாரும் கடையில் விலை போடுவதில்லை. லாரி வாடகை, தரகு, இறக்குக் கூலி, எடைக் குறைவு எல்லாம் சேர்த்து நீடாமங்கலத்தில் வந்து இறங்கும்போது என்ன அடக்கம் என்றுதான் பார்க்கிறோம். டிக்கெட் எடுக்கும்போது மட்டும் விளம்பரத்தில் இருக்கும் விலையையே அடக்க விலை என்று நம்பிவிடுகிறோம்.

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் கிடையாது. வளைகுடாவிலோ லண்டன், பிராங்க்பர்ட் போன்ற ஊரிலோ இறங்கி மாற வேண்டும். சல்லிசு டிக்கெட் பெரும்பாலும் இந்த மாறும் இடத்தில்தான் பிறக்கிறது. ஐரோப்பா வரை ஒரு கம்பெனி, அட்லாண்டிக் கடலைத் தாண்ட இன்னொரு கம்பெனி என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் தொகை குறையும்.

2018-ல் என் மகளுக்கு நியூஜெர்சியில் பிரசவம். என் மனைவிக்கு ஒரே டிக்கெட்டாக எடுத்தால் 82,000 ரூபாய். இரண்டாகப் பிரித்தால் 61,000 என்று ஏஜெண்டு சொன்னார். 21,000 லாபம் என்று நானே சரி என்றேன். மன்னை எக்ஸ்பிரஸில் ஏறி, பிரசவ மருந்தும் வடாமுமாக இரண்டு பெட்டியோடு மீனம்பாக்கம் போனோம். கவுண்டரில் மறித்துவிட்டார்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டி நடுவழி ஊரில் இறங்கிவிடும். அதை எடுத்து மறுபடி போட அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும். அதற்கு ஷெங்கன் விசா வேண்டும். அமெரிக்க விசா மட்டும் இருந்தால் விமான நிலையத்துக்குள்ளேயே மாறலாமே தவிர வெளியே வர முடியாது. ஏஜெண்டு இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாவது டிக்கெட் பணம் வரி போக முழுவதும் போயிற்று. ஆள் வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். நான்கு நாள் கழித்து 1,18,000 கொடுத்து ஒரே டிக்கெட்டாக எடுத்தோம். அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. மகள் பக்கத்தில் தாய் இல்லை. அந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

ஒரே டிக்கெட்டாக எடுத்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பெனியின் பொறுப்பு. தனித்தனி என்றால் நம் பொறுப்பு. ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது கட்டணங்கள். அட்லாண்டிக் தாண்டும் பெரிய கம்பெனிகளே 2018 வாக்கில் பெட்டி சேராத அடிமட்ட டிக்கெட்டை விற்க ஆரம்பித்துவிட்டன. சல்லிசுக் கம்பெனிகளில் பெட்டிக்குத் தனி, சாப்பாட்டுக்குத் தனி, இடம் குறிக்கத் தனி. தேதி மாற்றக் கட்டணத்தைப் பிரசவத்துக்குப் போகிறவர்கள் அவசியம் கேட்க வேண்டும். டாக்டர் சொன்ன தேதியில் எந்தக் குழந்தை பிறக்கிறது?

இனி கம்பெனியின் நிலைமை. 1977 செப்டம்பரில் பிரெடி லேக்கர் என்ற ஆங்கிலேயர் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுனில் ஆளை ஏற்றினார். அந்தத் தடத்தில் சல்லிசு விலைக்கு வழிகாட்டியவர் அவர்தான். பெரிய கம்பெனிகள் போட்டிக்கு விலையை இறக்கின. டாலரில் வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. 1982 பிப்ரவரியில் கடையை மூடினார். ஐஸ்லாந்தின் வாவ் ஏர் 2018 டிசம்பரில் டெல்லிக்கு வந்தது. அமெரிக்காவுக்கு ஒரு வழி 13,499 ரூபாய் முதல் என்று விளம்பரம். அடுத்த ஜனவரியிலேயே டெல்லியை விட்டது. 2019 மார்ச் 28-ல் கம்பெனியே நின்றது. சல்லிசுக் கம்பெனிதான் விழும் என்றும் இல்லை. சென்னையிலிருந்து பாரிசுக்கு விமானம் விட்ட நம் ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் நின்றது.

டிக்கெட்டுக்கு மூன்று மாதம் முன்பு பணம் கட்டுகிறோம் என்றால் அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுக்கிறோம் என்று பொருள். ஈடு கிடையாது, வட்டி கிடையாது. கம்பெனி விழுந்தால் பாங்கும் மற்றவர்களும் எடுத்துக்கொண்டது போகத்தான் பிரயாணிக்கு. தெரியாத மில்லுக்கு நாம் அப்படி முன்பணம் அனுப்புவோமா? விமானம் எத்தனை வைத்திருக்கிறான் என்றும் விசாரிக்க வேண்டும். ஒற்றை லாரிக்காரனுக்கு வண்டி படுத்தால் சரக்கு நடுரோட்டில் நிற்கும்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், விமானம் ஓடவில்லை என்று பாங்கில் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டு. ரொக்கமாகக் கொடுத்தவர் ஏஜெண்டு வாசலில்தான் நிற்க வேண்டும். ஏஜெண்டு ஆறெழுத்து எண் ஒன்றைத் தருவார். அது பதிவு எண்தான். ஆர்டர் சீட்டு மாதிரி. 13 இலக்க டிக்கெட் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும், அதுதான் பில். இரண்டு தடத்துக்கும் ஒரே டிக்கெட்டா, பெட்டி நேரே கடைசி ஊரில் வந்து சேருமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியைக் கட்டியதும் கடைத் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். 23 கிலோ என்றால் 22-லேயே நிறுத்திவிடுங்கள். ஊறுகாய் பாட்டில் ஒன்று கூடினால் கூட, அங்கே கேட்கும் கட்டணத்துக்கு இங்கே ஒரு மூட்டை பொன்னி வாங்கிவிடலாம்.