அப்பா பேனாவை பழைய இரும்புக்குப் போடாதீங்க! ஜோடி பென்சில் இருந்தால் தனி மவுசு!

வாலாஜாபாத், காஞ்சீபுரம் பக்கம் காலை ரயிலுக்கு நிற்பவர்களின் சட்டைப் பையைப் பாருங்கள். பத்து ரூபாய் பால்பாயிண்டு பேனா ஒன்று செருகி இருக்கும். பாதிப் பேருக்கு அதுவும் கிடையாது. செல்போன்தான்!

இவர்களின் அப்பாவும் தாத்தாவும் இதே ரயிலில் ஆபீசுக்குப் போன காலத்தில் அந்தப் பையில் ஒரு மை பேனா இருந்தது. யாராவது "சார், ஒரு கையெழுத்து போடணும், பேனா குடுங்க" என்று கேட்டால், மூடியைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் நீட்டுவார்கள். மூடி இங்கே இருந்தால்தான் பேனா திரும்பி வரும்!

அந்தப் பேனா எல்லாம் இப்போது எங்கே?

பீரோவில் பத்திரக் கட்டோடு கிடக்கிறது. பரணில் பிஸ்கட் டப்பாவுக்குள் தூங்குகிறது. மை காய்ந்து, மூடி இறுகி, எழுதாமல் இருக்கிறது. போகி வந்தால் வீட்டைச் சுத்தம் செய்கிற மருமகள், "இது எதுக்கு?" என்று ஓரமாகப் போடுகிறார். மறுவாரம் பழைய இரும்பு, பித்தளை வாங்குகிறவர் தெருவுக்கு வருகிறார். கதை முடிந்தது.

ஜோடி!

பழைய பேனா சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். தபால்தலை, காசு சேர்ப்பது போலத்தான் இதுவும். ஆனால் இதில் ஒரு விசேஷம். பேனா மட்டும் கிடைத்தால் அவர்களுக்கு அரை மனசுதான். "கூட வந்த பென்சில் எங்கே?" என்று கேட்பார்கள்.

பென்சில் என்றால் சீவுகிற மரப் பென்சில் அல்ல. தலையைத் திருகினால் அல்லது அழுத்தினால் லெட் வெளியே வரும் உலோகப் பென்சில். இன்று பிள்ளைகள் வைத்திருக்கும் மைக்ரோடிப் பென்சிலுக்குத் தாத்தா! பார்க்கர், ஷீஃபர் போன்ற கம்பெனிகள் பேனாவுக்கு அதே நிறம், அதே கிளிப் வைத்து பென்சிலும் செய்து, இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து விற்றன. கல்யாணப் பரிசுக்கும், ரிட்டையர் ஆகிறவருக்கு ஆபீசில் கொடுக்கும் பரிசுக்கும் ஏற்ற சாமான்.

பேனா தப்பித்தது. பென்சில்தான் தொலைந்தது. காரணம் ரொம்பச் சின்னது. பேனாவை அப்பா யாரையும் தொடவிட மாட்டார். பென்சில் பிள்ளைகள் கைக்குப் போய்விடும். பழைய பென்சில்கள் பலவற்றுக்கு லெட் 1 மில்லிமீட்டருக்கும் மேல் கனம். இன்று பள்ளிக்கூடக் கடையில் கிடைப்பது 0.5, 0.7தான். லெட் தீர்ந்ததும் பென்சில் வெறும் குழாய். சொத்துப் பிரிக்கும்போது பேனா அண்ணனுக்கு, பென்சில் தம்பிக்கு என்று போன வீடுகளும் உண்டு.

பென்சிலில் பிறந்த டி.வி.!

பென்சில்தானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். ஷார்ப் டி.வி., ஷார்ப் கால்குலேட்டர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த 'ஷார்ப்' என்ற பெயரே இந்தப் பென்சிலில் வந்ததுதான்! ஜப்பானில் டோக்குஜி ஹயகாவா என்பவர் 1915-ல் திருகு பென்சில் செய்து 'எவர் ரெடி ஷார்ப்' என்று பெயர் வைத்தார். வியாபாரம் ஓகோ என்று நடந்தது. 1923-ல் டோக்கியோ பகுதியில் பயங்கர பூகம்பம். தொழிற்சாலை நாசம். மனைவி, குழந்தைகளும் போய்விட்டார்கள். கடனை அடைக்க பென்சில் உரிமையை விற்றுவிட்டு, ஒசாகாவுக்குப் போய் ரேடியோ செய்ய ஆரம்பித்தார் மனிதர். அதற்குப் பிறகுதான் டி.வி. எல்லாம்.

மெக்ஆர்தர் கையெழுத்து

பேனாவுக்கும் பெரிய கதைகள் உண்டு. 1945 செப்டம்பர் 2-ந் தேதி மிசௌரி போர்க்கப்பலில் ஜப்பான் சரணடைந்தபோது ஜெனரல் மெக்ஆர்தர் பல பேனாக்களை மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போட்டார். அதில் ஒன்று அவர் மனைவியின் ஆரஞ்சு நிற பார்க்கர் டியோஃபோல்டு. இன்னொரு பேனா, 1942-ல் சிங்கப்பூரை ஜப்பானிடம் ஒப்படைத்துவிட்டு சிறையில் கிடந்த பெர்சிவலுக்குப் பரிசாகப் போயிற்று. பாவம், கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்!

நம் ஊர்ப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வது பார்க்கர் 51. அமெரிக்காவில் 1941-ல் விற்பனைக்கு வந்தது. நிப்பு மூக்குக்குள் ஒளிந்திருக்கும். நுனி மட்டும்தான் தெரியும். அதே அச்சில் சீனாவின் ஹீரோ பேனா பிறகு வந்து குவிந்தது. இரண்டையும் தூரத்தில் பார்த்தால் ஏமாந்து போவோம். பேரைப் படித்துப் பார்ப்பதே வழி.

1940-களில் அமெரிக்காவில் செய்த பார்க்கர் என்றால் உடம்பில் பொடி எழுத்தில் ஓர் எண்ணும் சில புள்ளிகளும் இருக்கும். எண், ஆண்டின் கடைசி இலக்கம். புள்ளி, எந்தக் காலாண்டு என்பதற்கு. பூதக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அப்பா எந்த வயதில் வாங்கினார் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

தங்க நிப்பு ஆசை

நிப்பில் '14கே' என்று இருந்தால் 14 காரட் தங்கம். நூற்றுக்கு 58 பங்குக்கு மேல் சொக்கத் தங்கம்தான். இதைக் கேட்டதும் சிலருக்கு நகைக்கடை ஞாபகம் வந்துவிடும். இப்படி நிப்பைப் பிடுங்கி உருக்கிய பேனாக்கள் கொஞ்ச நஞ்சமல்ல. பெரும்பாலான நிப்பில் ஒரு கிராம் தங்கம் கூடத் தேறாது! அதற்காக முழு பேனாவைக் கொன்றுவிடுகிறார்கள். முட்டாள்தனமான வியாபாரம்.

நம்ம ஊர் சரக்கு

சீமை பேனாவுக்குத்தான் மதிப்பு என்று நினைக்கிறவர்கள் ராஜமுந்திரி கதையைக் கேட்க வேண்டும். அங்கே பொற்கொல்லர் கே.வி.ரத்தினம் 1930-களின் தொடக்கத்தில் சுதேசிப் பேனா செய்தார். காந்திஜிக்கு அது போய்ச் சேர உதவியவர் நம்ம தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. பேனா நன்றாக எழுதுகிறது என்று வார்தாவில் இருந்து 1935 ஜூலையில் காந்திஜி கடிதம் எழுதினார். வேறென்ன சர்டிபிகேட் வேண்டும்?

சென்னை பாரிமுனையில் 1920-களில் தொடங்கிய ஜெம் அண்ட் கம்பெனி 'காமா' என்ற பெயரில் பேனா செய்து விற்றது. கலைஞர் கருணாநிதி எழுதிய 'வாலிட்டி 69' பேனாவும் அந்தக் கடையில் வாங்கியதுதான் என்று 2018-ல் அவர் மறைந்தபோது பத்திரிகைகள் எழுதின. திருவள்ளூரில் ரங்கா பேனா. எபனைட் என்கிற கெட்டி ரப்பர் கம்பியைக் கடைசல் பட்டறையில் கையாலேயே கடைந்து செய்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். நமக்குத்தான் பக்கத்து ஊர் என்பதால் அருமை தெரியவில்லை.

அவசரம் வேண்டாம்

டப்பாவில் பேனா கிடைத்தால் முதலில் மூடியை முறுக்கி உடைக்காதீர்கள். வெந்நீர், ஸ்பிரிட் கூடாது. சாதாரண பச்சைத் தண்ணீரில் நிப்பை மட்டும் ஒரு ராத்திரி ஊற வைத்தால் காய்ந்த மை தானாகக் கரையும். கறுப்பு எபனைட் பேனாவை முழுசாகத் தண்ணீரில் போட்டால் பழுப்பேறிவிடும். உள்ளே இருக்கும் ரப்பர் டியூப் விறைத்துப் போயிருக்கும். அதை மாற்றுவது பேனா ரிப்பேர்காரர் வேலை. நாமே நோண்டக் கூடாது.

மேலே யாருடைய பெயராவது செதுக்கி இருந்தால் தேய்த்து அழிக்காதீர்கள். மூடி மாறி இருக்கிறதா, கிளிப் ஒன்றேதானா என்று பென்சிலோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். பெட்டி கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எறிய வேண்டாம்.

வாலாஜாபாத்காரர்களுக்கு திருவள்ளூர் ஒன்றும் தூரமில்லை. அரக்கோணம் போய் வண்டி மாறினால் போதும். போகும்போது தம்பி வீட்டில் இருக்கும் பென்சிலையும் மறக்காமல் வாங்கிக்கொண்டு போங்கள்.